பரங்கி எது, பூசணி எது?

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்பு மணலில் ஐப்பசி மழைக்கு முளைத்த கொடியைக் காட்டிப் ‘பூசணி’ என்று சொன்னால், “மஞ்சளா, வெள்ளையா?” என்பார்கள். சென்னைக்காரர் கேட்கமாட்டார். அவருக்குப் பூசணி வெள்ளை, மஞ்சள் பரங்கி. திருநெல்வேலியில் வெள்ளைக்குத் தடியங்காய் என்று தனிப்பெயர். கொங்கு நாட்டில் மஞ்சளுக்கு அரசாணி.

பிராங்க் என்ற ஐரோப்பிய இனத்தாரின் பெயர் அரபி, பாரசீக வழக்கில் ‘ஃபரங்கி’ ஆகி ஐரோப்பியர் எல்லாரையும் குறித்தது. ஃபகரம் தமிழில் இல்லாததால் அது பரங்கி ஆயிற்று. பரங்கிமலையிலும் பரங்கிப்பேட்டையிலும் இருப்பது இதே சொல்தான். பரங்கிக்காயோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492க்குப் பிறகே கடல் தாண்டியது. 16ஆம் நூற்றாண்டில் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையிலேயே போர்த்துக்கீசியர் இருந்தார்கள். காய்க்குப் பெயர் வைத்தது வந்த வழியைப் பார்த்துத்தான், விளைந்த இடத்தைப் பார்த்து அல்ல.

பூசணி என்பதைப் ‘பூசு’ என்ற வினையோடு சேர்க்கத் தோன்றும். முற்றிய வெள்ளைக் காயின் தோலில் திருநீறு பூசியதுபோல் மெழுகு மாவு படிந்திருக்கும். ஆனால் ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்து வேரை முடிவுகட்ட முடியாது.

காய்க்கும் முன்னால் பிரித்தறியப் பூவைப் பாருங்கள். இரண்டும் மஞ்சள்தான். பரங்கிப்பூவின் இதழ்கள் அடியில் ஒட்டி மணிபோல் குவிந்திருக்கும். வெண்பூசணியின் ஐந்து இதழும் தனித்தனியாக மலர விரியும். மார்கழிக் கோலத்தில் சாணத்தில் செருகும் ‘பூசணிப்பூ’ இன்று பெரும்பாலும் பரங்கிப்பூவே. பூவும் இல்லையென்றால் இலை: பரங்கி இலையில் நரம்புகள் கூடும் இடங்களில் வெள்ளைத் திட்டு பல நேரம் தெரியும். வெண்பூசணிப் பிஞ்சு உடம்பெல்லாம் சுணையாக இருக்கும். நீளப் பிஞ்சைச் சுரை என்று நினைக்கிறவர்களும் உண்டு. சுரைப்பூ வெள்ளை, சாயங்காலம் மலரும். முற்றிய பரங்கியின் காம்பு ஐந்து விளிம்போடு கட்டையாகி, காயோடு சேருமிடத்தில் அகலும்.

நல்ல தமிழில் எதை எழுதுவது? பரங்கி நமக்குப் பழகிய சொல், விரட்ட வேண்டியதில்லை. வேண்டுமானால் மஞ்சளைச் சர்க்கரைப் பூசணி, வெள்ளையை வெண்பூசணி என்று அடைமொழியோடு எழுதலாம். சமையல் குறிப்பில் இது அவசியமே. வெண்பூசணியில் கிண்டும் காசி அல்வாவுக்கு வெறும் ‘பூசணி’ என்று எழுதினால் உச்சிப்புளிப் பக்கத்து ஆள் மஞ்சளைத் துருவிவிடக்கூடும்.