பெட்டியில் 2000 லுமென், சாலையில் எவ்வளவு?

சைக்கிளுக்கு முன் லைட் வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது லுமென் கணக்குதான். 400, 800, 1200, 2000 என்று ஏறிக்கொண்டே போகும். எண் பெரிதாகவும் விலை சிறிதாகவும் இருந்தால் கேட்கவே வேண்டாம், கை தானாக அந்தப் பெட்டிப் பக்கம் போய்விடும். ஆனால் இருட்டில் ஓட்டப்போகிறவருக்கு அந்த ஒரு எண் சொல்லும் சேதி ரொம்பக் குறைவு. சில பெட்டிகளில் அது பொய்யாகவும் இருக்கும். அதே பெட்டியில் அச்சிட்டிருக்கும் மற்ற எண்களை வைத்து ஒரு பெருக்கல் போட்டால், காசு கொடுக்கும் முன்பே அந்தப் பொய் தெரிந்துவிடும். அந்தக் கணக்குக்கு அப்புறம் வருவோம். முதலில் வெளிச்சத்தையே கொஞ்சம் பார்க்கலாம்.

லுமென் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளியேறும் ஒளியின் மொத்த அளவு. அது எங்கே போய் விழுகிறது என்பது அதில் இல்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைச் சொல்வது லக்ஸ். ஒரு வாளித் தண்ணீரை முற்றம் முழுக்கத் தெளிக்கவும் செய்யலாம், ஒரே செடிக்கு ஊற்றவும் செய்யலாம். லுமென் வாளியின் அளவு, லக்ஸ் அந்தச் செடிக்குக் கிடைத்த ஈரம்.

எண்களில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். 200 லுமென் விளக்கின் ஒளி முழுவதையும் 20 டிகிரி அகலமுள்ள கூம்புக்குள் அடக்கினால், 10 மீட்டர் தொலைவில் சுமார் 21 லக்ஸ் கிடைக்கும். அதே ஒளியை 60 டிகிரிக்கு விரித்துவிட்டால் அதே இடத்தில் 2.4 லக்ஸ்தான். ஒரே லுமென், ஏறக்குறைய ஒன்பது மடங்கு வித்தியாசம். ஆகவே சுமாரான லென்ஸ் வைத்த 800 லுமென் லைட்டை, நல்ல லென்ஸ் வைத்த 200 லுமென் லைட் சாலையில் தோற்கடிக்க முடியும்.

எவ்வளவு தூரம் தெரிந்தால் போதும் என்பது வேகத்தைப் பொறுத்தது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் நொடிக்கு 5.6 மீட்டர் நகர்கிறார். பள்ளத்தைக் கண்டு, அது பள்ளம் என்று மூளைக்கு உறைத்து, விரல் பிரேக்கை இழுக்க ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 8 மீட்டருக்கு மேல் போயாயிற்று. நிதானமாகப் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13, 14 மீட்டர். வேகம் 30 ஆனால் இதே கணக்கு 24 மீட்டரைத் தொடுகிறது. நின்றுவிடக்கூடிய தூரத்துக்கும் குறைவாகவே லைட் காட்டினால், பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே அதில் இறங்க வேண்டியதுதான். அதனால் சாதாரண வேகத்தில் போகிறவருக்கு 20 மீட்டர், விரைவாகப் போகிறவருக்கு 30 மீட்டர் தெளிவாகத் தெரிய வேண்டும்.

20 மீட்டர் என்பது கேட்பதற்குச் சின்ன தூரம். ஆனால் சைக்கிள் லைட்டுக்கு அது லேசான வேலை இல்லை. தூரம் இரட்டிப்பானால் ஒளி கால்பங்காகக் குறையும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த விதி. அது ஒளியை நேருக்கு நேர் வாங்கும் சுவருக்குச் சரி. சாலை அப்படி நிமிர்ந்து நிற்பதில்லை, படுத்துக் கிடக்கிறது. ஹேண்டில்பாரில், தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கும் லைட் 20 மீட்டருக்கு அப்பால் தரையைத் தொடும்போது அந்தக் கோணம் 3 டிகிரிகூட இல்லை. ஒளி சாலையை உரசிக்கொண்டு போகிறது. அதனால் நிமிர்ந்த சுவரில் விழுவதில் இருபதில் ஒரு பங்குதான் அந்தத் தரைக்குக் கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்தால், சாலைப் பரப்பில் விழும் வெளிச்சம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது: தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு.

இதிலிருந்து ஒரு வேடிக்கையான விஷயம் வருகிறது. 5 மீட்டரிலும் 20 மீட்டரிலும் சாலை ஒரே அளவு வெளிச்சமாக இருக்க வேண்டுமானால், 20 மீட்டரை நோக்கிப் போகும் கதிர், 5 மீட்டரை நோக்கிப் போவதைவிட 64 மடங்கு வலுவாக இருக்க வேண்டும். வட்டமான பொட்டாக ஒளி அடிக்கும் டார்ச் வகை லைட்டால் இது ஆகாது. அதைத் தூரத்துக்குத் தூக்கி வைத்தால் வட்டத்தின் மேல்பாதி வானத்துக்கும் எதிரே வருகிறவரின் கண்ணுக்கும் போகிறது. தாழ்த்தி வைத்தால் முன் சக்கரத்துக்கு அருகே கண் கூசும் வெள்ளைத் திட்டு விழும், அதற்கு அப்பால் கும்மிருட்டு. அந்தத் திட்டு இன்னொரு கெடுதலும் செய்கிறது. நம் கண் அந்தப் பளிச்சுக்குப் பழகிக்கொள்வதால், தூரத்தில் இருக்கும் மங்கலான தரை இன்னும் மங்கலாகிவிடுகிறது. லைட்டின் சக்தியைக் கூட்டினால் திட்டும் சேர்ந்தே கூடும். 2000 லுமென் போட்டும் தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான்.

சரியான வழி கார் லைட்டில் இருக்கிறது. லோ பீமில் ஓடும் காரைச் சுவருக்கு எதிரே நிறுத்திப் பாருங்கள்: ஒளிக்கு மேலே ஒரு கோடு கிழித்தது போல் இருக்கும். கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் ஒளி மிக வலுவாக இருக்கும், கீழே வர வர மெலியும். 64 மடங்கு கேட்ட கணக்குக்கு இதுதான் விடை. சைக்கிளுக்கும் இப்படி மேல்விளிம்பு வெட்டிய லைட்கள் கிடைக்கின்றன. ஜெர்மனியில் சைக்கிள் விளக்குக்கான விதி இதை வலியுறுத்துகிறது. 10 மீட்டரில் எத்தனை லக்ஸ் என்றுதான் அங்கே அளக்கிறார்கள், பேட்டரி லைட்டுக்குக் குறைந்தது 10 லக்ஸ் வேண்டும், எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கவும் கூடாது. லுமெனை விட்டுவிட்டு 30 லக்ஸ், 50 லக்ஸ் என்று போட்டிருக்கும் பெட்டியைக் கண்டால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிடும்.

லக்ஸ் போடாமல் '100 மீட்டர் வீச்சு' என்று மட்டும் போட்டிருந்தால் அதையும் அளவோடு நம்பலாம். டார்ச் தயாரிப்பாளர்கள் பின்பற்றும் எஃப்.எல்.1 என்ற தர அளவையில், வெளிச்சம் கால் லக்ஸாகக் குறையும் தூரம்தான் வீச்சு. கால் லக்ஸ் என்பது தெளிந்த வானத்தில் முழு நிலா தரும் வெளிச்சம். அதுவும் நேரே நிமிர்ந்து நிற்கும் பொருளுக்கு. ஓடிக்கொண்டே பள்ளம் பார்க்க அது போதாது.

இனி அந்தப் பெருக்கல். பேட்டரியில் இருக்கும் ஆற்றலைவிட அதிகமான ஒளி அதிலிருந்து வராது. பல சார்ஜ் லைட்களுக்குள் இருப்பது 18650 என்ற லித்தியம் செல், 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல செல்களில் 2500 முதல் 3500 மில்லியாம்பியர்-மணி வரை பிடிக்கும். 3000, அதாவது 3 ஆம்பியர்-மணி என்று வைத்து 3.6 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 11 வாட்-மணி. இன்றைய எல்.இ.டி., அதன் மின்சுற்று, லென்ஸ் எல்லாவற்றின் இழப்பும் போக வாட்டுக்கு 100 லுமென் வெளியே வந்தால் நல்ல லைட். அப்படியானால் 1000 லுமெனுக்கு 10 வாட் வேண்டும், ஒரு செல்லில் ஒரு மணி நேரம் எரியும். 300 லுமென் என்றால் மூன்றரை மணி நேரம்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு '2000 லுமென், 5 மணி நேரம்' என்கிற பெட்டியைப் பாருங்கள். 20 வாட், 5 மணி நேரம், மொத்தம் 100 வாட்-மணி. அதற்குக் கிட்டத்தட்ட 9 செல் வேண்டும், செல்களின் எடை மட்டுமே அரைக் கிலோவை நெருங்கும். உள்ளங்கையில் அடங்கும் லைட்டுக்குள் அவ்வளவு எப்படிப் போகும்? இரண்டு எண்களில் ஒன்றாவது பொய், பல நேரம் இரண்டுமே. ஒற்றை 18650 செல்லின் மேல் 9900 மில்லியாம்பியர்-மணி என்று அச்சடித்து விற்பதும் உண்டு. அந்தச் செல்லைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த அளவுக்குள் அவ்வளவு ஆற்றலை அடைக்கும் வேதியியல் கடையில் விற்கும் எந்தச் செல்லிலும் இல்லை.

பொய் சொல்லாத பெட்டியிலும் ஒரு நெளிவு இருக்கிறது. அதே எஃப்.எல்.1 அளவையின்படி, தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எரிந்த நேரம் முழுவதையும் எரியும் நேரம் என்று போடலாம். 'இரண்டு மணி நேரம்' என்பதில் பின்பாதி வெறும் மினுக்கலாகக்கூட இருக்கும். சூடும் சேர்ந்துகொள்கிறது. எல்.இ.டி. வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது. அதை வெளியேற்ற அலுமினிய உடல் வேண்டும். முழுப் பிளாஸ்டிக் உடலுக்குள் 1000 லுமென் என்றால், சூடேறியதும் லைட் தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும், அல்லது சீக்கிரம் கெட்டுப்போகும்.

எனவே குறைந்த செலவில் வாங்குகிறவருக்கு என் பரிந்துரை சாதாரணமானது. தெருவிளக்கு உள்ள சாலையில் மட்டும் ஓட்டுகிறீர்களா? சாலையைக் காட்டும் வேலையைத் தெருவிளக்கே செய்துவிடுகிறது. நீங்கள் இருப்பது மற்றவர்களுக்குத் தெரிந்தால் போதும், 100 லுமென் தாராளம். தெருவிளக்கே இல்லாத வழியென்றால் 300 முதல் 500 லுமென், மேல்விளிம்பு வெட்டிய ஒளி. அதற்கு மேல் கொடுக்கும் காசு, காட்டுப் பாதையில் வேகமாக இறங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

லைட்டை எங்கே மாட்டுவது என்பதற்குக் காசே ஆகாது, ஆனால் பலன் பெரிது. பள்ளம் நமக்குத் தெரிவது அதன் நிழலால். ஒளி வரும் இடமும் கண்ணும் எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு நன்றாக நிழல் தெரியும். ஹெல்மெட்டில் மாட்டும் லைட் கண்ணுக்கு ஒட்டினாற்போல் இருப்பதால், விழுகிற நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. சாலை வழவழவென்று தட்டையாகத் தோன்றும், குழி இருப்பது குழியில் விழுந்த பிறகுதான் தெரியும். மூடுபனியிலும் மழையிலும் அது இன்னும் மோசம், துளிகளில் பட்டுத் திரும்பும் ஒளி நேராகக் கண்ணுக்கே வரும். ஹேண்டில்பாரிலோ அதற்கும் கீழே முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தலைப்பகுதியிலோ மாட்டினால் நிழல் நீளும், மூடுபனித் திரையும் குறையும். மஞ்சள் ஒளி மூடுபனியைத் துளைக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆனால் பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன. மழை ஈரத்தில் சாலை திடீரென்று கறுத்துப்போவதற்கும் லைட்டைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர்ப் படலம் கண்ணாடி போல் ஒளியை முன்பக்கமாகவே திருப்பி அனுப்பிவிடுகிறது, நம் பக்கம் வருவது குறைவு.

பின் லைட்டில் செலவு இன்னும் குறைவு. அது எதையும் காட்ட வேண்டியதில்லை, தெரிந்தால் போதும். விட்டுவிட்டு எரிவது நல்லதா, நின்று எரிவது நல்லதா? விட்டுவிட்டு எரிவது கண்ணை இழுக்கும். ஆனால் எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் போகிறது என்று பின்னால் வருகிறவர் மதிப்பிட ஒளி தொடர்ந்து இருந்தால்தான் எளிது. பிரிட்டனில் நிமிடத்துக்கு 60 முதல் 240 முறை மின்னலாம் என்று அனுமதி, ஜெர்மனியிலோ மின்னவே கூடாது. விதி தடுக்காத இடத்தில் இரண்டு சின்ன லைட் வாங்கி ஒன்றை மின்னவிட்டு மற்றதை நிலையாக எரியவிடுவது என் வழக்கம். ஒன்று அணைந்தாலும் மற்றது இருக்கும்.

எல்லாவற்றையும்விட மலிவானது ரிஃப்ளெக்டர். அதன் உள்ளே கனசதுரத்தின் மூலை போன்ற நுண்ணிய குழிகள் வரிசையாக இருக்கின்றன. ஒளி நேராக வந்தாலும் ஓரளவு சாய்வாக வந்தாலும் மூன்று முகங்களிலும் பட்டு, வந்த திசைக்கே திரும்புகிறது. அதனால் கார் லைட்டின் ஒளி காரோட்டியிடமே போய்ச் சேர்கிறது. பெடலிலும் கணுக்காலிலும் அது இருந்தால் இன்னும் விசேஷம். ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973இல் காட்டியது இது: இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் சில ஒளிப்புள்ளிகள் மட்டும் தெரிந்தாலும், அவை அசைந்தவுடன் அது மனிதர் என்று நாம் கண்டுகொள்கிறோம். மேலும் கீழுமாகச் சுழலும் இரண்டு புள்ளிகளைக் கண்டால் சைக்கிளில் ஆள் போகிறார் என்று உடனே புரியும். ஒரே குறை, எதிரே லைட் இல்லாத வண்டி வந்தால் ரிஃப்ளெக்டர் வெறும் பிளாஸ்டிக்.

மற்றவை சுருக்கமாக. மழைக்கு, நீரைத் தாங்கும் திறனைச் சொல்லும் ஐ.பி.எக்ஸ். எண்ணைப் பாருங்கள்: ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், கொட்டும் மழையில் ஓட்டுகிறவருக்கு ஐ.பி.எக்ஸ்.6. சார்ஜ் துளையின் ரப்பர் மூடி தளர்ந்திருந்தால் எந்த எண்ணும் காப்பாற்றாது. தினமும் ஓட்டுகிறவர், சார்ஜ் போட மறக்கிறவர் என்றால் சக்கர அச்சில் இருக்கும் 6 வோல்ட், 3 வாட் டைனமோ நல்ல துணை. முதல் செலவு அதிகம், பிறகு செலவே இல்லை.

வாங்கிய லைட்டைச் சாய்த்து வைக்க ஒரு சுவர் போதும். தரையிலிருந்து லைட் 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிச் சைக்கிளை நேராக நிறுத்துங்கள். மேல்விளிம்பு வெட்டிய லைட்டானால் அந்த விளிம்பு, வட்டப் பொட்டானால் அதன் நடு, சுவரில் 75 சென்டிமீட்டர் உயரத்தில் விழட்டும். சாலையில் அது 20 மீட்டரில் தரையைத் தொடும். 30 மீட்டர் வேண்டுமென்றால் 83 சென்டிமீட்டர். சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு பார்ப்பது நல்லது, உட்கார்ந்ததும் டயர் அமுங்கிச் சாய்வு கொஞ்சம் மாறும். அப்புறம் திருகாணியை இறுக்கிவிடலாம்.