செக்வோயா மரத்துக்கு தீ எதுக்கு வேணும்?

கலிஃபோர்னியால சியாரா நெவாடா மலைக்கு ஆர்.வி (தங்கற வசதியோட இருக்கற பெரிய வண்டி) எடுத்துட்டு போறவங்க எல்லாருமே ஜெனரல் ஷெர்மன்ங்கற செக்வோயா மரத்துக்கிட்ட நின்னு, கழுத்து வலிக்க மேல பாத்து, போட்டோ எடுத்துட்டு கிளம்பிடுவாங்க. மேல பாக்க வேண்டியதுதான், உயரம் கிட்டத்தட்ட 84 மீட்டர், அடியில குறுக்களவு 11 மீட்டர், மொத்த கன அளவுல உலகத்துலயே பெரிய ஒத்த மரம். ஆனா கொஞ்சம் கீழயும் பாருங்க. சுத்தி இருக்கற கிழட்டு மரங்கள்ல நிறைய மரத்துக்கு அடியில கரிக்கட்டையா கருகின தழும்பு இருக்கும், சிலதுல ஆள் உள்ள போய் நிக்கற அளவுக்கு பொந்தே இருக்கும். பாவம் எரிஞ்சு போச்சேன்னு தோணும், ஆனா அந்த தீ இல்லேன்னா இந்த காடே இல்ல, அதான் விஷயம்.

வண்டி விஷயத்த முதல்லயே முடிச்சுடறேன். த்ரீ ரிவர்ஸ் ஊர் பக்கமா 198ம் நம்பர் நெடுஞ்சாலையில ஏறுனா கொண்டை ஊசி வளைவா வந்துட்டே இருக்கும், ஷெர்மன் நிக்கற ஜெயன்ட் ஃபாரஸ்ட் தோப்புக்கு போறதுக்கு முன்னாடி வர்ற அந்த பகுதிக்கு 22 அடிக்கு மேல நீளமான வண்டி வேண்டாம்னு செக்வோயா நேஷனல் பார்க்காரங்களே சொல்றாங்க. பெரிய ஆர்.வின்னா ஃப்ரெஸ்னோ ஊர்லேர்ந்து 180ம் நம்பர் நெடுஞ்சாலை வழியா சுத்தி வாங்க. பெட்ரோல் கீழயே ஃபுல் பண்ணிக்குங்க, பார்க்குக்குள்ள பங்க் கிடையாது. டனல் லாக்னு ஒண்ணு இருக்கு, 1937ல தானா விழுந்த மரத்த குடைஞ்சு கார் போற மாதிரி பண்ணிருக்காங்க, உயரம் 8 அடிதான், ஆர்.விய அதுல விட்டுடாதீங்க.

இப்ப தீக்கு வருவோம். செக்வோயா வேர்லேர்ந்து துளிர்த்து பெருகற மரம் இல்ல, காட்டுல அது பெருகணும்னா விதைதான் வழி. விதை இருக்கறது கூம்புக்குள்ள, ரெண்டு இன்ச்சு மூணு இன்ச்சு நீளம், ஒரு கூம்புல சுமாரா 200 விதை. விதை ஒண்ணொண்ணும் சின்ன அவல் மாதிரி, ஊதுனா பறந்துடும். இவ்ளோ பெரிய மரம் இதுலேர்ந்தா வருதுன்னு நம்பவே முடியாது. கூம்பு முத்தறதுக்கு ரெண்டு வருஷம் ஆகும், முத்துன உடனே மத்த மரம் மாதிரி விரிஞ்சு விதைய கொட்டிடாது, பச்சையாவே இறுக்கி மூடிட்டு 20 வருஷம் வரைக்கும் கூட கிளையிலயே தொங்கிட்டு இருக்கும். நடுவுல டக்ளஸ் அணில் வந்து சதைய கடிச்சு தின்னும், ஒரு வண்டோட புழு உள்ள துளை போட்டு கூம்ப காய வெக்கும், அப்ப கொஞ்சம் கொஞ்சமா விதை விழும். ஆனா மொத்தமா கொட்டணும்னா தீ வேணும்.

தீ கூம்ப எரிக்கறதில்ல. தரையில எரியற தீயோட சூடான காத்து மேல ஏறி உச்சியில இருக்கற கூம்புகள காய வெச்சுடுது, செதில் சுருங்கி வாய் திறக்குது, அடுத்த சில நாள்ல விதை மழையா கொட்டுது. அதே தீ கீழயும் வேலை பாத்து வெச்சிருக்கும். வருஷக்கணக்கா சேந்த சருகு மெத்தை எரிஞ்சு வெறும் மண்ணு வெளிய வந்திருக்கும், இளம் நாத்துகள அழுக வெக்கற பூஞ்சை குறைஞ்சிருக்கும், பக்கத்துல நின்ன சின்ன மரங்க போய் வெயில் விழும். இது ரொம்ப முக்கியம், ஏன்னா சருகு மேல முளைச்ச செக்வோயா நாத்தோட வேர் ஈர மண்ண தொடறதுக்குள்ள கோடை வந்துடும், அங்க கோடையில மழை ரொம்ப அபூர்வம், அவ்ளோதான்.

சரி, தாய் மரம் எப்படி தப்பிக்குது? பட்டை. ரெண்டு அடி கனம் வரைக்கும் இருக்கும், நார் நாரா மெத்துன்னு, பைன் மரத்துல இருக்கற மாதிரி பத்திக்கற பிசினும் அதுல கிட்டத்தட்ட கிடையாது. அப்படியும் பட்டை எரிஞ்சு காயம் பட்டா, ஓரத்துலேர்ந்து புது மரக்கட்டையும் பட்டையும் உருண்டு வந்து காயத்த மூடப் பாக்கும். தழும்பு விளிம்ப உத்துப் பாத்தீங்கன்னா அந்த மடிப்பு நல்லாவே தெரியும். மரத்துக்குள்ள வருஷா வருஷம் விழற வளையங்கள்ல இந்த தழும்பு எங்கெங்க இருக்குன்னு எண்ணித்தான், பழைய காலத்துல சில வருஷத்துக்கு ஒருதரம் சின்னச் சின்ன தீ வந்துட்டே இருந்ததுன்னு கண்டுபிடிச்சாங்க. சிலது மின்னலால வந்தது, சிலது அங்க வாழ்ந்த பழங்குடி மக்கள் வேணும்னே வெச்சது.

1890ல பார்க் வந்துச்சு, அப்புறம் தீன்னாலே எதிரின்னு அணைக்க ஆரம்பிச்சாங்க. நல்லெண்ணம்தான், ஆனா பல வருஷம் புது செக்வோயா நாத்தே சரியா வரல, நிழல்ல வளர்ற வெள்ளை ஃபர் மரங்க அடர்த்தியா மண்டிடுச்சு. 1960கள்ல ரிச்சர்ட் ஹார்டஸ்வெல்ட்ங்கற ஆராய்ச்சியாளர் காரணத்த விளக்குனப்புறம்தான் பார்க்காரங்களே திட்டம் போட்டு தீ வெக்க ஆரம்பிச்சாங்க. ஆனா வெச்சது போதல. அந்த ஃபர் மரங்க ஏணி மாதிரி, தீ அதுல ஏறி செக்வோயா உச்சிக்கே போயிடும், உச்சி எரிஞ்சா எவ்ளோ கனமான பட்டை இருந்தும் பிரயோஜனம் இல்ல. வறட்சியும் சேந்துகிச்சு. 2020, 2021 ரெண்டே வருஷத்துல வந்த பெரிய தீயில உலகத்துல இருந்த பெரிய செக்வோயாக்கள்ல 13லேர்ந்து 19 சதவீதம் வரைக்கும் போயிடுச்சுன்னு கணக்கு. ஷெர்மனோட அடிமரத்துக்கு அலுமினிய போர்வை சுத்துன போட்டோ வந்தது 2021ல. ஷெர்மன் தப்பிச்சதுக்கு போர்வைய மட்டும் சொல்லக்கூடாது, அந்த தோப்புல முன்னாடியே பல தடவை தீ வெச்சு சருக குறைச்சிருந்தாங்க.

ரொம்ப கொடூரமா எரிஞ்ச இடத்துல கூம்பும் சேந்து கருகிடுச்சு, விதை போட தாய் மரமும் இல்ல. அதனால சில தோப்புகள்ல நாத்து நடலாம்னு 2023ல அமெரிக்க நேஷனல் பார்க் எல்லாத்தையும் பாத்துக்கற அரசு அமைப்பான பார்க் சர்வீஸ் முடிவு பண்ணுச்சு, காட்ட அது போக்குல விடுங்கன்னு சில அமைப்புகள் எதிர்த்தாங்க. என்னக் கேட்டா நடறதுதான் சரி, நூறு வருஷமா தீய அணைச்சு அது போக்க மாத்துனதே நாமதானே.