படையில்லாத போப் மன்னரைப் பனியில் நிறுத்தியது எப்படி?

1077 ஜனவரியில், இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில், ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றி வெறுங்காலோடு மூன்று நாள் நின்றார். உள்ளே போப் ஏழாம் கிரகோரி. படை பலமில்லாத ஒருவருக்கு மன்னர் ஏன் பணிந்தார் என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். நரக பயம் என்ற பதில் எனக்குப் போதவில்லை.

சண்டையின் கதை தெரிந்ததுதான். ஆயர்களை, அதாவது பிஷப்புகளை, நியமிப்பது மன்னரா, போப்பா என்ற தகராறு, 1122இல்தான் ஓய்ந்தது. 1076 ஜனவரியில் கிரகோரி போப்பே இல்லை என்று ஹென்றி அறிவித்தார். அடுத்த மாதமே கிரகோரி அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். கூடவே, மன்னருக்குச் சத்தியம் செய்து கொடுத்த எல்லோரையும் அந்தச் சத்தியத்திலிருந்து விடுவித்தார்.

சூட்சுமம் இந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. அன்றைய மன்னருக்கு நிரந்தரப் பட்டாளம் கிடையாது. பிரபுக்கள் ஆளும் குதிரையுமாக வந்தால்தான் படை. அவர்களை வரவைத்தது, சுவிசேஷத்தின் மீதோ புனிதர்களின் எலும்பு வைத்த பேழையின் மீதோ கை வைத்துச் செய்த சத்தியம். அதற்குச் சாட்சி கடவுள், மீறினால் பாவம். பாவம் எது என்று தீர்ப்புச் சொல்வது திருச்சபை. ஆக, அரசைக் கட்டிய கயிற்றின் முடிச்சு மன்னர் கையில் இல்லை! ஹென்றியின் ஆட்சிக்கு உட்பட்ட சாக்சனிப் பகுதிப் பிரபுக்கள் 1073லேயே கிளர்ந்தெழுந்து தோற்றவர்கள். கோபம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. பாவமில்லாமல் விலகும் வழியைப் போப் கொடுத்தார். விலக்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் அது நீங்காவிட்டால் ஹென்றி மன்னரில்லை என்று அக்டோபரில் பிரபுக்கள் கெடு வைத்தார்கள். கடுங்குளிரில் ஆல்ப்ஸைக் கடக்க வைத்தது அந்தக் கெடுதான்.

கிரகோரியும் இதே விதிக்குள் மாட்டிக்கொண்டார். மனம் வருந்தி வருபவரை ஒரு குருவால் விரட்ட முடியாது. தன் கூட இருந்தவர்களே தன்னைக் கொடுங்கோலன் என்றார்கள் என அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். மூன்று நாளுக்குப் பிறகு மன்னித்தார்.

1080இல் கிரகோரி மறுபடி விலக்கியபோது அது பலிக்கவில்லை. ஹென்றி பக்கத்து ஆயர்கள் வேறொரு போப்பையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். முடிச்சை அவிழ்க்க உரியவர் யார் என்பதே கேள்வியாகிவிட்டது.

அதே ஆண்டு, பிரபுக்கள் தேர்ந்தெடுத்த போட்டி மன்னர் ருடால்ஃப் எல்ஸ்டர் போரில் வலக்கையை இழந்து இறந்தார். ஹென்றிக்குச் சத்தியம் செய்த கை, தெய்வம் வெட்டியது என்றது ஹென்றி தரப்பு. அந்தக் கை என்று ஒன்றை மெர்செபர்க் பேராலயத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். வாள் வெட்டில் தெய்வத்தைத் தேடுவது மூடநம்பிக்கை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த நம்பிக்கைதான் அன்று படை திரட்டியது.