தெருநாய்க்குச் சோறு வைக்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

"நாய்க்குச் சோறு வைக்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?" "வைக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி நடக்கும் சண்டை இது. இரண்டு பக்கமும் சட்டம் தங்கள் கட்சி என்று நம்புகிறார்கள். உண்மையில் சட்டம் இருவரிடமும் கொஞ்சம் வேலை வாங்குகிறது.

அந்தச் சட்டத்தின் பெயர் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023. பேச்சுவழக்கில் ஏபிசி விதிகள். 2001இல் வந்த பழைய விதிகளை நீக்கிவிட்டு, மத்திய அரசு 2023 மார்ச்சில் இவற்றைக் கொண்டுவந்தது. இவற்றின் தாய்ச் சட்டம் 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். அதற்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் அந்தச் சட்டத்துக்கு வழி திறந்தது. 1962இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அதன் தலைவராகவும் அவரே இருந்தார்.

சரி, விதி என்ன சொல்கிறது?

வீட்டு நாய்க்கு ஊசி போடுவதும் கருத்தடை செய்வதும் வளர்ப்பவர் பொறுப்பு. தெருநாய்க்கு அது மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. நாயைப் பிடித்து, அறுவைச் சிகிச்சை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, காயம் ஆறியதும் எந்த இடத்தில் பிடித்தார்களோ அதே இடத்தில் விட வேண்டும். பிடிக்க வருவதற்கு முன் அந்தப் பகுதி மக்களுக்கு அறிவிக்க வேண்டும். இடுக்கியும் கம்பிச் சுருக்கும் போட்டு இழுக்கக் கூடாது. கையாலோ வலையாலோதான் பிடிக்க வேண்டும். எந்த நாயை எங்கே பிடித்தோம், எங்கே விட்டோம் என்று பதிவேடு இருக்க வேண்டும். அறுவை முடிந்த நாயின் காதில் 'வி' வடிவில் சின்ன வெட்டு இருக்கும். அடுத்த முறை தெருவில் இறங்கும்போது காதுகளைப் பாருங்கள், உங்கள் பகுதியில் வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

"பிடித்ததைத் திரும்ப ஏன் விட வேண்டும்?" என்ற கேள்வி நியாயமானது. ஒரு தெருவிலிருந்து நாய்களை மொத்தமாக அப்புறப்படுத்தினால், குப்பையும் மிச்சச் சோறும் அங்கேயே கிடக்கும் வரை பக்கத்துத் தெரு நாய்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புதிதாக வருவது கருத்தடை ஆகாத, ஊசி போடாத நாயாக இருந்தால் கதை முதலிலிருந்து தொடங்கும். சென்னை மாநகராட்சி பல்லாண்டு காலம் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டுதான் இருந்தது. எண்ணிக்கை குறையவில்லை. 1959இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு கருத்தடைதான் வழி என்று திரும்பத் திரும்பச் சொல்லி, 1990களின் நடுவில்தான் மாநகராட்சி அந்தப் பாதைக்கு வந்தது. ஆனால் பாதை சரியாக இருந்தால் போதாது. 2024இல் மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.81 லட்சம் தெருநாய்கள் இருந்தன. அவற்றில் கருத்தடை ஆனவை சுமார் 27 சதவீதம்தான். ஒரு பகுதியில் 70 சதவீதமாவது ஆனால்தான் பலன் தெரியும் என்பார்கள். பாதிக்குப் பாதிகூட எட்டவில்லை.

சோறு வைக்கிறவர் இங்கேதான் உள்ளே வருகிறார்.

விதி 20 உணவளிப்பது பற்றியது. குடியிருப்போர் சங்கமும், சங்கம் இல்லாத இடத்தில் உள்ளாட்சியும் உணவளிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. இடம் இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். குழந்தைகளும் வயதானவர்களும் அதிகம் நடமாடாத நேரமாகப் பார்க்க வேண்டும். மிச்சமும் இலையும் தட்டும் கிடக்காமல் சுத்தம் செய்வது வைத்தவர் வேலை. ஆக, "எங்கே வேண்டுமானாலும் வைப்பேன்" என்பதற்கும் இடமில்லை, "எங்கேயுமே வைக்காதே" என்பதற்கும் இடமில்லை. இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் விலங்கு நலக் குழு ஒன்று கூடித் தீர்மானிக்க வேண்டும். கால்நடை மருத்துவ அதிகாரி, காவல்துறைப் பிரதிநிதி, அங்கீகாரம் பெற்ற விலங்கு நல அமைப்பின் பிரதிநிதி, புகார் கொடுத்தவர், சங்கத்தின் ஆள் எல்லோரும் அதில் இருப்பார்கள். எனவே சங்கத்தோடு மல்லுக்கு நிற்பதற்கு முன், குழுவைக் கூட்டச் சொல்லி உள்ளாட்சிக்கு ஒரு கடிதம் கொடுப்பது நல்லது.

இதற்கு மேல் 2025இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுகள் இருக்கின்றன. ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத்து நாய்களையெல்லாம் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொன்ன உத்தரவைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பதினொரு நாளில் அது மாறிவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, கருத்தடையும் ஊசியும் முடிந்த நாய்களைப் பழைய இடத்திலேயே விடலாம் என்றது. ரேபிஸ் உள்ளவை, இருக்கலாம் என்று சந்தேகப்படுபவை, ஆக்ரோஷமானவை ஆகிய மூன்றும் விலக்கு. கூடவே இன்னொன்றையும் சொன்னது: தெருவில் சோறு வைக்கக் கூடாது, உள்ளாட்சி ஒவ்வொரு வார்டிலும் உணவளிக்கத் தனி இடம் ஒதுக்க வேண்டும், அங்கேதான் வைக்க வேண்டும். வழக்கை நாடு முழுவதற்கும் விரித்ததும் அதே உத்தரவுதான். நவம்பர் 7 அன்று பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றுக்குள் இருக்கும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்றது. ஆகவே கல்லூரி வளாகத்து நாய்க்கு ஒரு கணக்கு, தெருமுனை நாய்க்கு வேறு கணக்கு. உத்தரவுகள் மாறிக்கொண்டே வந்திருப்பதால், உங்கள் ஊரில் இன்றைய நிலவரம் என்ன என்பதை வார்டு அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியே, "எங்கள் வார்டில் உணவளிக்கும் இடம் எது?" என்றும் கேளுங்கள். ஒதுக்கவில்லை என்றால் இரண்டு மூன்று இடங்களை நீங்களே எழுதிக் கொடுங்கள். கேள்வி கேட்டு நிற்பவரைவிட இடம் காட்டுபவருக்குச் சீக்கிரம் பதில் வரும்.

என் கருத்தில், சோறு வைப்பது இந்த வேலையில் சுலபமான பாதி. மீதிப் பாதிதான் பயன் தருவது. நாய் வண்டி தெருவில் நுழைந்ததும் பாதி நாய்கள் கார்களுக்கு அடியில் மறைந்துவிடும். வண்டியில் வருபவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும்: எது எங்கே படுக்கும், எது யாரிடம் வரும், எது சினையாக இருக்கிறது, எதற்குக் காது வெட்டவில்லை. பிஸ்கட் காட்டினால் மடியில் வந்து உட்காரும் நாயை உங்களால் இரண்டே நிமிடத்தில் கூண்டில் ஏற்றிவிட முடியும். பிடிப்பதிலும் ஊசி போடுவதிலும் உணவளிப்பவர்கள் உதவலாம் என்று அதே விதி 20 சொல்கிறது. சென்னையில் 1913க்கு அழைத்துக் கருத்தடைக்குப் பதிவு செய்யலாம். மற்ற ஊர்களில் நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் எழுத்தாகக் கொடுங்கள். ஆறு மாதம் ஆகாத குட்டியைக் கருத்தடைக்குப் பிடிக்கக் கூடாது. பால் கொடுக்கும் தாயைப் பிடித்தால் குட்டிகள் பட்டினி கிடக்கும் என்பதைப் பிடிக்க வருபவரிடம் சொல்லிவிடுங்கள். திரும்ப விடும்போது அதே தெருவில்தான் விட்டார்களா என்பதையும் பாருங்கள். வேறு பகுதியில் இறக்கிவிட்டால் அது விதிமீறல்.

ஒரு தெருநாயை வீட்டோடு எடுத்துக்கொள்ள விருப்பமா? ஆகஸ்ட் 22 உத்தரவு அதற்கும் இடம் தருகிறது. உள்ளாட்சியிடம் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம். ஆனால் பிறகு அந்த நாய் தெருவுக்குத் திரும்பக் கூடாது, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. ஊருக்குப் போகிறோம், வீடு மாறுகிறோம் என்று வளர்த்த நாயைத் தெருவில் விட்டுவிட்டுப் போவது 1960 சட்டத்தின் 11ஆம் பிரிவின்படியே குற்றம்.

அடிபட்டுக் கிடந்தால்

ஆடு மாடுகளுக்கு இலவச எண் 1962. கால்நடை பராமரிப்புத் துறையின் நடமாடும் மருத்துவ வண்டி இடத்துக்கே வரும். வாரியம் அமைந்த ஆண்டும் இதே எண் என்பது தற்செயலாக இருக்கலாம், ஆனால் நினைவில் வைக்க வசதி. நாய், பூனை என்றால் பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்கோ, பகுதியில் இயங்கும் மீட்பு அமைப்புக்கோ போவதுதான் நடைமுறை. இத்தகைய அமைப்புகளுக்கு உதவ 2022இல் தமிழக அரசு வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள் என்ற திட்டத்தை 20 கோடி ரூபாயில் அறிவித்தது. மீட்பு வேலை செய்யும் அமைப்போடு தொடர்பில் இருப்பவர்கள், இதை விசாரித்தீர்களா என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான சிறிய காப்பகங்களுக்கு மனு எழுத ஆள் இல்லாததே பெரிய குறை.

காட்டுயிர் என்றால் கதையே வேறு. காயம்பட்ட ஆந்தைக் குஞ்சு, வீட்டுக்குள் வந்த பாம்பு, நட்சத்திர ஆமை எதுவானாலும் வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவை அரசின் உடைமை; கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் எடுத்து வளர்த்தேன் என்பது விலக்கு ஆகாது. வீட்டுக் கூண்டில் இருக்கும் நம்மூர்ப் பச்சைக்கிளியும் இதில் அடக்கம். அதை வளர்ப்பது குற்றம் என்று சொன்னால் இன்னும் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

யாராவது வதைத்தால்

இங்கே சட்டம் பலவீனமாகவும் இருக்கிறது, வலுவாகவும் இருக்கிறது. எந்தப் பிரிவைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1960 சட்டத்தின் 11ஆம் பிரிவு அடிப்பது, குட்டைச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிவைப்பது, சோறு தண்ணீர் தராதது எல்லாவற்றையும் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960இல் அது காசு. இன்றைக்கு ஒரு பிளேட் பொங்கல் வடைக்குக் கட்டாது. அதோடு இவற்றில் பெரும்பாலானவை காவல்துறை தானாக வழக்குப் பதிய முடியாத குற்றங்கள்.

அதனால் விஷம் வைத்தல், கொல்லுதல், ஊனமாக்குதல் என்று நடந்திருந்தால் புகாரில் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 325ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கலாம், முதல் தகவல் அறிக்கையும் பதியலாம். புகாரில் தேதி, நேரம், இடம், பார்த்தவர் பெயர் எழுதி, படமோ காணொளியோ இணையுங்கள். இறந்த விலங்கை அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். அரசு கால்நடை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்யாமல் விஷத்தை நிரூபிக்க வழியில்லை. காவல் நிலையத்தில் சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்காமல் வராதீர்கள். 1960 சட்டத்தின்படி வழக்குத் தொடர மூன்று மாதம்தான் கெடு என்பதால், "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதே புகாரின் நகலைக் கொடுத்துவிடுங்கள்.

கடித்துவிட்டால்

நாயோடு பழகுகிறவருக்கு இது என்றைக்காவது நடக்கும். சோப்புப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள். ஊசி இலவசம், எல்லாத் தவணையையும் முடிக்க வேண்டும். தினமும் உணவளிப்பவர்கள் கடி படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள். அதைக் காரணம் காட்டி ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் கடித்தது எந்த நாய், அது இன்றைக்கு வந்து சாப்பிட்டதா என்று அந்தத் தெருவில் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் சோறு வைப்பவர் ஒருவர்தான். கடிபட்டது எதிர்வீட்டுக்காரராகவே இருந்தாலும், அதைப் போய்ச் சொல்லுங்கள்.