சொல் விளக்கம்: கிராமர் ஸ்கூல்

பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் லிவர்பூலில் ஒரே ‘இலக்கணப் பள்ளி’யில் படித்தார்கள் என்று எழுதினால் தமிழ் வாசகர் என்ன நினைப்பார்? எழுவாய், பயனிலை, வேற்றுமை என்று நாள் முழுக்க உருப்போட வைக்கும் பள்ளி என்றுதான் நினைப்பார். அவர்கள் காலத்தில் கிராமர் ஸ்கூல் என்ற சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை. ஆனால் பழைய காலத்தில் ஏறக்குறைய அதுவேதான் பொருள்.

கிரேக்கத்தில் ‘கிரம்மா’ என்றால் எழுத்து. எழுத்தறியும் கலைக்கு அங்கே ‘கிரம்மத்திகே’ என்று பெயர். அதுவே இலத்தீனுக்குப் போய் ‘கிரம்மாத்திகா’ ஆனது. இடைக்கால இங்கிலாந்தில் தேவாலயமும் பல்கலைக்கழகமும் இலத்தீனில் இயங்கியதால், கிராமர் என்றாலே இலத்தீன் இலக்கணம்தான். அதைச் சொல்லிக்கொடுத்த இடம் கிராமர் ஸ்கூல். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியும், கற்றோர் மொழிகளை இலக்கண முறைப்படி கற்பிக்கும் பள்ளி என்றே இதற்குப் பொருள் தருகிறது. கற்றோர் மொழிகள் என்றால் இலத்தீனும் கிரேக்கமும்.

இந்தப் பொருளை வைத்து ஒரு வழக்கே நடந்தது. லீட்ஸ் நகரின் கிராமர் பள்ளியில் பிரெஞ்சு, ஜெர்மன், கணிதம் போன்றவற்றையும் கற்பிக்க வேண்டும் என்று சிலர் விரும்பினார்கள். தொழிலும் வணிகமும் வளர்ந்துகொண்டிருந்த ஊர், அந்த ஆசை நியாயமானது. ஆனால் 1805இல் எல்டன் பிரபு, பள்ளியை நிறுவியவர் விட்டுச்சென்ற சொத்து கிராமர் கற்பிப்பதற்கே உரியது என்று தீர்ப்பளித்தார். பாடத்திட்டத்தை விரிவாக்க வழி திறந்தது 1840ஆம் ஆண்டின் கிராமர் பள்ளிகள் சட்டம்தான். ஒரு சொல்லின் அகராதிப் பொருள் பிள்ளைகளின் படிப்பையே இப்படிக் கட்டிப்போட முடிந்தது என்பதால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

அப்புறம் பொருள் முழுக்க மாறியது. 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பிறகு அரசுப் பள்ளிகளில் இடைநிலைக் கல்வி இலவசமானது. பிள்ளைகள் 11 வயதில் ஒரு தேர்வு எழுதினார்கள். தேறிய சிறுபான்மையினர் கிராமர் பள்ளிக்குப் போனார்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ‘செகண்டரி மாடர்ன்’ பள்ளி. ஆக, கிராமர் ஸ்கூல் என்பது இப்போது தேர்வு வைத்து மாணவரைப் பொறுக்கியெடுக்கும் பள்ளி.

மெக்கார்ட்னியும் ஹாரிசனும் அந்தத் தேர்வு வழியாகத்தான் மவுண்ட் தெருவிலிருந்த லிவர்பூல் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார்கள். அதன் முழுப் பெயர் ‘லிவர்பூல் இன்ஸ்டிடியூட் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி’. பெயரில் கிராமர் என்ற சொல்லே கிடையாது. வகையால்தான் அது கிராமர் பள்ளி. 1825இல் கைவினைத் தொழிலாளருக்கான கல்வி நிலையமாகத் தொடங்கிய அமைப்பிலிருந்து வளர்ந்தது. 1837இல் மவுண்ட் தெருக் கட்டடம் திறந்தது, 1844இல் சார்லஸ் டிக்கன்ஸ் அங்கே வந்து பேசினார். 1917ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற சார்லஸ் பார்க்லா இங்கே படித்தவர். பீட்டில்ஸின் பயண மேலாளராக இருந்து, பிறகு அவர்களுடைய ஆப்பிள் நிறுவனத்தை நடத்திய நீல் ஆஸ்பினாலும் அப்படியே.

11 வயதில் பிள்ளைகளைப் பிரிப்பது தவறு என்ற கருத்து வலுத்து, 1965இல் அரசு, தேர்வில்லாமல் எல்லாரையும் சேர்க்கும் பள்ளிகளுக்கு மாறும்படி உள்ளாட்சி அமைப்புகளைக் கேட்டுக்கொண்டது. கிராமர் பள்ளிகள் பல மறைந்தன. இன்று இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் அரசு கிராமர் பள்ளிகள் 163. இன்ஸ்டிடியூட் 1985இல் மூடப்பட்டது. மெக்கார்ட்னி முன்னின்று உழைத்ததில், 1996இல் அதே கட்டடத்தில் நிகழ்கலைகளுக்கான கல்லூரி திறந்தது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலான பள்ளிகளுக்கு ‘இலத்தீன் இலக்கணப் பள்ளி’ என்பது சரியாகவே பொருந்தும். 1944க்குப் பிந்தைய பள்ளிகளுக்கு ‘தேர்வுவழி இடைநிலைப் பள்ளி’ என்பேன். வெறும் ‘இலக்கணப் பள்ளி’ இங்கே வாசகரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும். அமெரிக்கப் பேச்சில் கிராமர் ஸ்கூல் என்றால் தொடக்கப் பள்ளி. ஆஸ்திரேலியாவில் அந்தப் பெயர் தாங்கியவை பெரும்பாலும் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள். எனவே மொழிபெயர்ப்பவர் நாட்டையும் ஆண்டையும் பார்க்காமல் கைவைக்கக் கூடாது.

கூடவே வரும் இன்னொரு சொல், ஒரு பள்ளியில் படித்து வெளியேறியவர்களைக் குறிக்கும் ‘அலம்னை’. இதன் ஒருமையான ‘அலும்னுஸ்’ இலத்தீனில் ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளையைக் குறிக்கும். ஆனால் இங்கிலாந்தின் ஆண்கள் பள்ளிகளில் புழங்கியது ‘ஓல்டு பாய்ஸ்’தான். இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்கள், தங்கள் ஓல்டு பாய்ஸ் சங்கத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘லியோபியன்’ என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். இலங்கைத் தமிழர் ஓ.பி.ஏ. (ஓல்டு பாய்ஸ் அசோசியேஷன்) என்றும் பழைய மாணவர் சங்கம் என்றும் சொல்வது அந்த ஆங்கில வழக்கிலிருந்து வந்ததே. தமிழ்நாட்டில் ‘முன்னாள் மாணவர்’ பரவலாக இருந்தாலும், இங்கிலாந்துப் பள்ளிகளைப் பற்றி எழுதும்போது மூலத்துக்கு நெருக்கமான ‘பழைய மாணவர்’ என்பதையே எடுத்துக்கொள்ளலாம்.