சேட்டிலைட்: காவலாளா, வழித்துணையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மழை இருட்டிக்கொண்டு வந்தால் ஒட்டுக்கடை டிவியில் படம் நின்றுவிடும். "சேட்டிலைட் போயிடுச்சு" என்பார் கடைக்காரர். அது எங்கும் போவதில்லை. கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பத்திரமாகத்தான் இருக்கிறது. கூரைத் தட்டுக்கு வரும் அலையை மழைத்துளிகள் தின்றுவிடுகின்றன, அவ்வளவுதான்.

சரி, சொல்லுக்கு வருவோம். இலத்தீனில் 'சடெல்லெஸ்' என்றால் பெரிய மனிதரைச் சுற்றியே நடக்கும் மெய்க்காவலன், ஏவலாள். வியாழனின் நிலாக்களுக்கு 1611-இல் கெப்ளர் அந்தப் பெயரைச் சூட்டினார். 1957-இல் ரஷ்யர்கள் ஏவிய 'ஸ்புட்னிக்' என்ற பெயருக்கோ வழித்துணை என்று பொருள். ஒருவன் இடுப்பில் கத்தி, இன்னொருவன் கையில் கட்டுச்சோறு.

போரில் எதைத் தாக்கலாம், எதைக் கூடாது என்று சொல்லும் போர்ச் சட்டமும் கேட்பது இதைத்தான்: இவன் காவலாளா, வழித்துணையா? 1967-இன் விண்வெளி ஒப்பந்தம், பேரழிவு ஆயுதங்களைப் புவியின் சுற்றுப்பாதையில் வைக்கத் தடை போட்டது. பன்னாட்டுச் சட்டம் விண்ணிலும் செல்லும் என்றது. ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977 கூடுதல் நெறிமுறையோ, எதிரியின் படைக்கு உதவுகிற, அழித்தால் தெளிவான படைப்பயன் தருகிற பொருளை மட்டுமே தாக்கலாம் என்கிறது. இங்கேதான் சிக்கல். ஜிபிஎஸ் கோள்களை நடத்துவது அமெரிக்கப் படை. ஊருக்குப் புதிய லோரிக்காரர் செம்பனை ஆலைக்கு வழி கண்டுபிடிப்பதும் அவற்றை வைத்துத்தான். கத்தியும் கட்டுச்சோறும் ஒரே ஆளிடம்!

படைக்குப் பயன்படுவது இலக்காகலாம். ஆனால் பொதுமக்களுக்கு வரும் கேடு, கிடைக்கும் பயனை மிஞ்சக் கூடாது. விண்வெளியில் அந்தக் கணக்கைப் போடுவது பெரும்பாடு. 2007-இல் சீனா தன் பழைய வானிலைக் கோளை ஏவுகணையால் உடைத்தபோது 3,000-க்கும் மேற்பட்ட சிதறல்கள் கிளம்பின. சிதறலுக்கு எதிரி யார், ஊரார் யார் என்று தெரியுமா? உடைக்காமலும் கெடுக்கலாம். 2022 பிப்ரவரி 24 அன்று, உக்ரேன் போர் தொடங்கிய வேளையில், ஒரு செயற்கைக்கோள் இணையச் சேவையின் மோடம்கள் இணையத் தாக்குதலில் முடக்கப்பட்டன. ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது.

தமிழில் 'செயற்கைக்கோள்' நிலைத்துவிட்டது. இங்கே 'துணைக்கோளம்' என்றும் எழுதுகிறோம். என் ஓட்டு 'துணைக்கோளு'க்கு. யாருக்குத் துணை என்று உடனே கேட்க வைக்கிறதே! நிலாவும் துணைக்கோள்தானே என்று அறிவியல் ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். நிலாவுக்கு நிலா என்ற பெயர் போதும். 'கோள்' என்பது 'கொள்' என்ற வினையில் பிறந்தது. புறஞ்சொல்வதற்கும் அதே சொல்தான் என்பதால், 'உளவுக்கோள்' என்றதும் பழைய கோள்மூட்டி ஒருவன் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.