தொண்டையில் கசக்கும் கண் மருந்து

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் தொண்டை கசக்கிறதே, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கண்ணாடி முன் நின்று, கீழ் இமையை மூக்கோரமாக லேசாகக் கீழே இழுத்துப் பாருங்கள். விளிம்பில் ஒரு சின்ன மேடும் அதன் உச்சியில் ஊசிமுனை அளவு துளையும் தெரியும். மேல் இமையிலும் இப்படி ஒன்று உண்டு. கண்ணீர் வடியும் வாசல்கள் இவைதான். இவற்றிலிருந்து நுண்குழாய்கள் கண்ணீர்ப் பைக்கும், அங்கிருந்து ஒரு குழாய் மூக்குக்குள்ளும் போகின்றன.

கண்ணீர் சுரக்கும் இடம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும்: புருவத்துக்குக் கீழே, வெளி ஓரத்தில் உள்ள சுரப்பி. இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள் கண்ணீரின்மேல் எண்ணெய் பூசி, சீக்கிரம் ஆவியாகாமல் காக்கின்றன. சரி, மிச்சக் கண்ணீர் எப்படிப் போகிறது? தானாக வழிந்து போவதில்லை. இமைதான் அதை இறைக்கிறது.

1981இல் மார்ஷல் டோன் என்ற அமெரிக்க ஆய்வாளர், இமைப்பதை அதிவேகக் கேமராவில் எடுத்த படங்களைக் கொண்டு இதை விளக்கினார். இமை பாதி மூடும்போதே மேல் துளையும் கீழ்த் துளையும் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. மேலும் மூட மூட, கண்ணைச் சுற்றியுள்ள வளையத் தசை உள்ளிருக்கும் நுண்குழாய்களையும் கண்ணீர்ப் பையையும் பிழிகிறது. உள்ளே இருக்கும் நீருக்கு மூக்கைத் தவிர வேறு வழியில்லை. இமை திறக்கத் தொடங்கியதும் தசை தளர்ந்து குழாய்கள் விரிகின்றன. துளைகளோ இன்னும் ஒட்டியபடியே இருக்கின்றன! அதனால் இங்க் பில்லரின் ரப்பர் குமிழை அமுக்கி விட்டதுபோல உள்ளே உறிஞ்சும் விசை ஏறுகிறது. கடைசியில் துளைகள் பட்டென்று பிரிய, ஓரத்தில் தேங்கிய கண்ணீர் உள்ளே இழுபடுகிறது. எல்லாம் அரை நொடிக்குள். உடற்கூறியலில் எனக்கு இதைவிடப் பிடித்த இடம் வேறில்லை. முகவாதத்தில் இந்தத் தசை செயலிழந்தால், குழாயில் அடைப்பே இல்லாவிட்டாலும் கண்ணீர் கன்னத்தில் வழிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வாசகியின் கேள்வி. கண்ணில் வழக்கமாக இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டு மருந்தோ 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை. மிஞ்சியதில் ஒரு பகுதி கன்னத்தில் வழிய, மற்றதை இமை மூக்குக்குள் இறைக்கிறது, அங்கிருந்து தொண்டை. கசப்போடு போனால் பரவாயில்லை. மூக்கின் உள்தோல் மருந்தை நேரே இரத்தத்தில் சேர்த்துவிடும். கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு இப்படித்தான் சிலருக்கு நாடித்துடிப்பைக் குறைக்கிறது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலைக் கிளப்புகிறது. அதனால் மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். இதை மருந்துச் சீட்டிலேயே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அப்புறம், பச்சைக் குழந்தைக்குக் கண்ணில் நீர் வடிந்தால் தாய்ப்பாலையோ விளக்கெண்ணெயையோ விடும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அடைப்பு இருப்பது பெரும்பாலும் கீழே, குழாய் மூக்குக்குள் திறக்கும் முனையில். அங்கே ஒரு மெல்லிய சவ்வு இன்னும் திறக்காமல் இருக்கும். எண்ணெய் அதைத் திறக்காது, கிருமியைத்தான் சேர்க்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் அது தானாகவே திறந்துகொள்ளும். மூக்கோரமாக விரலால் நீவிவிடும் முறையை மருத்துவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். கண் சிவந்தாலோ மூக்கோரம் வீங்கினாலோ மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.